ஓசூர் சாலையில் இரண்டு சக்கரங்கள்

மாலை வேளையில் சில்க் போர்டு சந்திப்பில் மோட்டார் சைக்கிளோடு நின்றிருக்கிறீர்களா? முன்னே பேருந்தின் புகை, பின்னே ஓயாத ஹாரன், கிளட்ச் பிடித்தே மரத்துப்போன விரல்கள். வீடு சேரும்போது சரீரத்தைவிட மனமே களைத்திருக்கும். ஓடிவரும் பிள்ளையை முதலில் சந்திப்பது நம் எரிச்சல்தான்.

அதே வண்டியில் விடியற்காலையில் நந்தி மலைக்குச் சென்று பாருங்கள். ஏறத்தாழ 60 கிலோமீட்டர். (ஞாயிறு வேண்டாம், ஆராதனை ஒருபுறமிருக்க, அங்கே கூட்டமும் அதிகம்.) வளைவும் பள்ளமும் கவனத்தை முழுவதும் கேட்கின்றன, கவலையை மென்றுகொண்டிருக்க மனதுக்கு இடமிராது. 2021இல் வெளியான கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வொன்று, 20 நிமிட ஓட்டத்தில் மன அழுத்தத்தின் இரசாயன அடையாளங்கள் 28 சதவீதம் குறைந்ததாகக் கூறுகிறது. செலவை ஏற்றது ஹார்லி டேவிட்சன் நிறுவனம் என்பதையும் மறவாதீர்கள்.

தருமபுரியிலிருந்து வேலைக்கு வந்த ஒரு வாலிப சகோதரர், "ராத்திரி வண்டியில் சுற்றினால் சரியாகிவிடும், ஐயா" என்பார். நானும் நம்பினேன். மாதக்கணக்கில் அவர் சரியாக உறங்கவில்லை என்பதைப் பிந்தியே அறிந்தேன். அவர் தினமும் கடந்துசென்ற அதே ஓசூர் சாலையில்தான் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. ஒருநாள் இருவருமாக அங்கே வண்டியை நிறுத்தினோம். நேரில் செல்லத் தயங்குகிறவர்களுக்கு, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.