மூவாயிரம் ரூபாய் நிர்ப்பந்தம்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, வேணாம்னு தள்ளிப்போட்ட விஷயம் இது. நான் லஞ்சம் கொடுத்திருக்கேன். இதுல என்னய்யா அதிசயம்னு கேப்பீங்க. அதிசயம் ஒண்ணுமில்லைதான். ஆனா கொடுத்துட்டு வந்த ராத்திரி, "மார்க்கத்துல இதுக்கு அனுமதி இருக்கு"ன்னு எனக்கு நானே ஃபத்வா கொடுத்துக்கிட்டு நிம்மதியாத் தூங்கினேன் பாருங்க, அதுதான் இப்ப உறுத்துது.

கதைச்சுருக்கம் இதுதான். எங்க அத்தாவுக்குப் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிப் பக்கம் கறி வியாபாரம். போன வருஷம் மவுத்தாயிட்டார். பேங்க்ல அவர் பேர்ல கொஞ்சம் பணம் இருந்தது. வாரிசுச் சான்றிதழ் கொண்டு வாங்கன்னாங்க. இ-சேவை மையத்துல விண்ணப்பிச்சேன். ஃபைல் ஒரு அலுவலகத்துல (எதுன்னு சொல்லப்போறதில்லை) போய் உக்காந்துடுச்சு. லீவு போட்டு மூணு தடவை அலைஞ்சேன். மூணாவது தடவை, "உங்கம்மா நேர்ல வரணும்"னாங்க. அம்மாவோ இத்தாவுல இருக்காங்க. (தெரியாதவங்களுக்கு: கணவரை இழந்த பெண் நாலு மாசம் பத்து நாள் வீட்டோட இருக்கும் காலம்.) என்ன செய்யறதுன்னு டீக்கடையில நின்னுக்கிட்டிருந்தப்ப ஒருத்தர் பக்கத்துல வந்தார். "மூவாயிரம் ஆவும் தம்பி. அம்மா வர வேணாம்."

கொடுத்தேன். ரெண்டாம் நாள் மொபைலுக்கு எஸ்.எம்.எஸ். வந்துடுச்சு.

இப்ப அந்த ஃபத்வாவுக்கு வரேன். லஞ்சம் கொடுப்பவர், வாங்குபவர் ரெண்டு பேரையும் நபி (ஸல்) சபிச்சதா அபூதாவூத், திர்மிதி ரெண்டுலயும் ஹதீஸ் இருக்கு. இன்னொரு அறிவிப்புல நடுவுல நிக்கிற தரகரும் சேர்த்தி. இது எல்லாருக்கும் தெரியும். ஆனா அபூதாவூதுக்கு விளக்கம் எழுதின கத்தாபீ மாதிரி இமாம்கள் ஒரு விலக்கு சொல்றாங்க. தனக்குச் சேர வேண்டிய ஹக்கை வாங்க, இல்லை அநியாயத்துலேருந்து தப்பிக்க, வேற வழியே இல்லாமக் கொடுத்தா பாவம் வாங்கினவன் மேலதான். நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) அபிசீனியாவுல பிடிச்சு வைக்கப்பட்டப்ப ரெண்டு தீனார் கொடுத்து வெளிய வந்ததா ஒரு அறிவிப்பு உண்டு. அதையும் ஆதாரமாக் காட்டுவாங்க. ஏமன் நாட்டு இமாம் ஷவ்கானி மட்டும், ஹதீஸ்ல இல்லாத விலக்கை நாம எப்படிப் போடறதுன்னு கறாரா மறுக்கறார். நான் ஷவ்கானி பக்கமே போகலை. எது வசதியோ அதைப் புடிச்சுக்கிட்டேன் :)

நிம்மதி ஒரு வாரம்தான். சான்றிதழ்ல அத்தா பேர்ல ஒரு எழுத்துப் பிழை. திருத்த அதே அலுவலகத்துக்குப் போனேன். நான் போன மூணு தடவையும் வாசல் பெஞ்சுல ஒரு பாட்டி உக்காந்திருக்கும். மகன் செத்துப்போய் வாரிசுச் சான்றிதழுக்காக அலையற பாட்டி. அன்னைக்கும் அதே இடத்துல இருந்துச்சு. கையில அதே மஞ்சப் பை.

"உனக்கு வந்துடுச்சாப்பா? நல்லாருப்பா. நான் உனக்கு முன்னாடியே குடுத்தேன்."

குத்தமாச் சொல்லலைங்க. சந்தோஷமாத்தான் சொல்லுச்சு. எனக்குத்தான் திரும்பி நிமிர்ந்து பார்க்க முடியலை.

அன்னைக்கு இஷாவுக்கு அப்புறம் பள்ளிவாசல்ல ஹஜ்ரத்கிட்டப் போய் எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவார்னு பார்த்தா, பொறுமையாக் கேட்டுட்டு ரெண்டே கேள்வி கேட்டார். "வேற வழியே இல்லாமப் போச்சா தம்பி? அடுத்தவங்க ஹக்குல கை படலையே?"

"அம்மா இத்தாவுல இருந்தாங்க ஹஜ்ரத்..."

"அவசியம்னா பகல்ல போயிட்டு வரலாமே தம்பி. அம்மாவைக் கேட்டீங்களா?"

கேக்கலை. வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டுப் போயிருந்தா வந்திருப்பேனேடா. அத்தா காசுல லஞ்சமா?"ன்னாங்க. அப்புறம் ரெண்டு நாள் சரியாப் பேசலை.

இதுல வேடிக்கை என்னன்னா, நம்ம நாட்டுச் சட்டமும் இதே இடத்துலதான் தடுமாறியிருக்கு. 1988 ஊழல் தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, கொடுத்தவர் சாட்சி சொன்னா அந்த வாக்குமூலத்தை வெச்சு அவர் மேல வழக்குப் போடக்கூடாதுன்னு பாதுகாத்தது. 2011ல மத்திய நிதி அமைச்சகத்தின் தலைமைப் பொருளாதார ஆலோசகரா இருந்த கௌசிக் பாசு, உரிமையை வாங்கவே கொடுக்கிற லஞ்சத்துல கொடுத்தவரைக் குற்றவாளி ஆக்கக்கூடாது, அப்பத்தான் அவர் தைரியமா வந்து காட்டிக்கொடுப்பார்னு எழுதினார். கிட்டத்தட்ட கத்தாபீ கட்சி! ஆனா 2018 திருத்தம் 24ஆம் பிரிவைத் தூக்கிட்டு, கொடுக்கறதையும் குற்றமாக்கிடுச்சு. ஏழு வருஷம் வரை சிறை. கட்டாயப்படுத்திக் கொடுக்க வெச்சாங்கன்னா, ஏழு நாளுக்குள்ள போலீஸ்கிட்டயோ விசாரணை அமைப்புகிட்டயோ சொல்லிட்டாத் தப்பிக்கலாம்.

அந்த ஏழு நாளைப் பத்தி நிறைய யோசிச்சேன். நிஜமாவே கழுத்துல கத்தி வெச்சு வாங்கியிருந்தா, கத்தி எடுத்ததும் நான் கத்தியிருக்க மாட்டேனா? கத்தலை. காரியம் முடிஞ்சதுன்னு பிரியாணி சாப்பிட்டேன்.

அந்த அனுமதியே தப்புன்னு நான் சொல்ல வரலை. ஆஸ்பத்திரிப் பிணவறை வாசல்ல மையித்துக்காக நிக்கறவன்கிட்ட, காசு வெச்சாத்தான் வெளிய வரும்னு கை நீட்டினா, அவனை முறையா மனு எழுதுப்பான்னு சொல்ல முடியுமா? அடக்கத்தைத் தள்ளிப்போட முடியுமா? அந்த விலக்கு அவனுக்கானது. எனக்கு லீவு இருக்கு, படிப்பு இருக்கு, 2005லேருந்து தகவல் உரிமைச் சட்டம் இருக்கு. என்கிட்ட இல்லாதது பொறுமை மட்டும்தான். அதுக்கு நிர்ப்பந்தம்னு பேர் வெச்சு, எனக்கு முன்னாடி கொடுத்தவங்களைத் தாண்டிப் போயிட்டேன்.

அடுத்த திங்கக்கிழமை லீவு போட்டேன். பாட்டியைக் கூட்டிக்கிட்டு ராஜாஜி சாலையில கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாளுக்குப் போனேன். மனு நான் எழுதினேன், பாட்டி கைநாட்டு வெச்சுது. திரும்பி வரும்போது, மூவாயிரம் கொடுத்ததை அதுகிட்ட ஒப்புக்கிட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "என்கிட்ட இருந்தா நானும் குடுத்திருப்பேன்பா"ன்னுச்சு. அதுக்கு இன்னும் எனக்குப் பதில் தெரியலை.

பாட்டிக்குச் சான்றிதழ் வந்துடுச்சு. ஆட்டோ காசைத் தவிர ஒத்தைப் பைசா செலவில்லை. மூணு வாரம் ஆச்சு.

அந்த மூணு வாரம்தான் என்னோட நிர்ப்பந்தம்.