சீட்டு கிடைத்த பிறகு

பொறியியல் கலந்தாய்வு முடிந்த வாரத்தில் எங்களுக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "சீட்டு கிடைச்சிருச்சுக்கா. முழுப் பணத்தையும் கட்டுனாத்தான் சேர்ப்போம்னு காலேஜ்ல சொல்றாங்க." இதற்கு எங்களிடம் பதில் உண்டு. ஆதிதிராவிடர் நலத்துறையின் அரசாணை 92, ஆண்டு 2012. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்து, அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்திருந்தால் சுயநிதிக் கல்லூரியிலும் கட்டணத்தை அரசு ஏற்கும். மதம் மாறிய கிறித்துவ ஆதிதிராவிடருக்கும் இது பொருந்தும். நகலை எடுத்துக்கொண்டு மாணவரோடு கல்லூரிக்குப் போவோம். முணுமுணுப்பார்கள், பிறகு சேர்த்துக்கொள்வார்கள்.

நான்கு ஆண்டு கழித்து அதே பிள்ளைகள் மறுபடி அழைக்கிறார்கள். "வேலைக்கு என்னக்கா பண்றது?" இதற்கு அரசாணை இல்லை.

தோழர்களே, இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அந்தப் பள்ளி இல்லையென்றால் இந்த வட்டாரத்தில் நம் முதல் தலைமுறைப் படிப்பாளிகள் பலர் பண்ணை வேலையிலேயே நின்றிருப்பார்கள். படித்தவர்கள் ஆசிரியர்களானார்கள், எழுத்தர்களானார்கள். இடஒதுக்கீடு எங்கே இருந்ததோ அங்கே போனார்கள். அது சரியான முடிவுதான். அதனால் இன்றும் குரூப் 4 தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று சொல்ல நம் தெருவில் பெரியவர்கள் இருக்கிறார்கள். மென்பொருள் நிறுவனத்துக்கு ரெஸ்யூம் எழுதுவது எப்படி, முதல் வேலையை விட்டு அடுத்த வேலைக்கு எப்போது மாறுவது என்று சொல்லத்தான் ஆளில்லை. அந்த நிறுவனங்களில் இடஒதுக்கீடும் இல்லை.

மற்ற வீடுகளில் சித்தப்பா பெங்களூரில் இருக்கிறார், மாமா மகள் டல்லாஸில் இருக்கிறாள். காலியிடம் விளம்பரமாகும் முன்பே குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடுகிறது. ரெஃபரல் என்று அதற்குப் பெயர். ஊரில் சிபாரிசு என்போம். தகுதி, திறமை என்று நம்மிடம் வகுப்பெடுப்பவர்கள் இதை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். நம் பெயருக்கு முன்னால் வெறும் இனிஷியல்தானே, தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். இங்கே அது கேள்வியாக வரும். "கடலூரா? கடலூர்ல எங்க? அப்பா என்ன பண்றார்? ஊருக்குள்ளயா, காலனிப் பக்கமா?" அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். டீம் லீடர்களின் வாயிலிருந்து நீக்க எந்த மன்றம் இருக்கிறதோ தெரியவில்லை.

புவனகிரிப் பக்கத்துத் தங்கை ஒருத்தி. அம்மா நடவு, களையெடுப்பு. சென்னையில் ஒரு நிறுவனத்தில் இரவு ஷிஃப்ட் சப்போர்ட் வேலையில் சேர்ந்தாள். அந்தக் கேள்விக்கு அவள் மறைக்காமல் பதில் சொன்ன பிறகு, டெவலப்மென்ட் பக்கம் மாற்றிக் கேட்ட ஒவ்வொரு முறையும் "இன்னும் கம்யூனிகேஷன் வரணும்மா" என்றார்கள். கூடச் சேர்ந்தவர்கள் மேலே போனார்கள். மூன்றாம் ஆண்டு, நம் விடுதியில் அவளுக்கு முன் படித்த அண்ணன் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ அழைப்பில் ஆட்டோமேஷன் டெஸ்டிங் சொல்லிக்கொடுத்தார். தன் நிறுவனத்தில் அவள் பெயரைக் கொடுத்ததும் அவர்தான். இன்று அவளுக்குக் கீழே ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். அம்மா இன்னும் நடவுக்குப் போகிறார். "வீட்ல சும்மா உக்கார முடியலடி" என்கிறார்.

வெளிநாடு போனால் விட்டுவிடுமா என்றால், 2020இல் கலிஃபோர்னியா மாநில அரசு அமைப்பு சிஸ்கோ நிறுவனத்தின் மீது சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்ததை நினைவில் வையுங்கள். தனிநபர்கள் இருவர் மீதான வழக்கு 2023இல் கைவிடப்பட்டது, நிறுவனத்தின் மீதானது நீடித்தது.

இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சில. பல நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் 60 விழுக்காடு கேட்கின்றன. நிலுவையில் அரியர் இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். தமிழ்வழியில் படித்து வருபவர்களுக்கு முதல் செமஸ்டர் கணக்கில்தான் அடி விழும். அந்த அரியரை ஆறாம் செமஸ்டருக்குள் முடித்துவிடுங்கள், ஏனென்றால் கேம்பஸ் தேர்வுகள் பெரும்பாலும் கடைசி ஆண்டின் தொடக்கத்திலேயே வந்துவிடும். கேட் தேர்வை மறந்துவிடாதீர்கள். எம்.டெக். படிப்புக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும். பக்கத்திலிருக்கும் நெய்வேலி என்.எல்.சி. உட்படப் பொதுத்துறை நிறுவனங்கள் அதன் மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுத்திருக்கின்றன. அங்கே நமக்கு இடஒதுக்கீடு உண்டு.

வேலையில் இருக்கும் அண்ணன்கள், அக்காக்களிடம் ஒன்று கேட்கிறோம். அம்பேத்கர் பிறந்தநாள் பேனருக்கு அனுப்பும் நன்கொடை வரட்டும், நன்றி. அதோடு மாதம் ஒரு மணி நேரம், ஒரே ஒரு மாணவருக்குக் கொடுங்கள். ரெஸ்யூமைத் திருத்துங்கள், பொய்யாக ஒரு நேர்காணல் நடத்துங்கள், காலியிடம் வந்தால் பெயரைக் கொடுங்கள். எங்கள் மாலை வகுப்பில் இந்த ஆண்டு கடைசி ஆண்டு மாணவர்கள் ஆறு பேர். இருவருக்கு ஆள் கிடைத்துவிட்டது. மீதி நான்கு பேர் காத்திருக்கிறார்கள்.