இரண்டாவது நட்சத்திரம்

"அண்ணே, எர்ரர் இல்லாம ஓடிடுச்சு. ஆனா உள்ள ஒண்ணுமே இல்ல" என்றான் தம்பி. திரையில் எங்கள் புராஜெக்டின் பெயர் கொட்டை எழுத்தில் நின்றது. அதன் கீழே வெறும் வெள்ளை.

1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில்தான் எனக்குப் பிழைப்பு. ஜார்ஜ் டவுனிலிருந்து காலை நெரிசலில் ஊர்ந்து போய், சோதனைக் கருவிகளுக்கு சி மொழியில் ஃபர்ம்வேர் எழுதுகிறேன். பினாங்கில் பழகிய கை சிங்கப்பூர் போவது புதிதல்ல. எங்கள் மோட்டார் பகுதியை எழுதியவரும் போய்விட்டார். அதனால்தான் டாக்ஸிஜென் போடுவோம் என்று உட்கார்ந்தோம். டிமிட்ரி வான் ஹீஷ் 1997இல் வெளியிட்ட கருவி அது. நிரலுக்குள் இருக்கும் குறிப்புகளைத் திரட்டிப் பக்கங்களாக்கித் தரும்.

கட்டளை ஒன்று கொடுத்தால் இரண்டாயிரம் வரிக்கு மேல் நீளும் அமைப்புக் கோப்பு வந்து விழும். பயப்பட வேண்டாம், பத்துப் பன்னிரண்டு வரியைத் தொட்டால் போதும். உள்கோப்புறைகளுக்குள் இறங்கச் சொல்லும் 'ரிகர்சிவ்' முதலில் 'நோ'வில்தான் இருக்கும். அதைத் தம்பி மாற்றியிருந்தான். பிறகும் ஏன் வெள்ளை?

போனவர் குறிப்பு எழுதாதவர் அல்ல, பத்தி பத்தியாக எழுதியிருந்தார். ஆனால் எல்லாமே சாய்கோடும் ஒற்றை நட்சத்திரமுமாகத் தொடங்கின. டாக்ஸிஜெனுக்கு நட்சத்திரம் இரண்டு வேண்டும். ஒன்று இருந்தால் சாதாரணக் குறிப்பென்று கடந்து போய்விடும். சேர்த்தோம். அப்போதும் ஃபங்ஷன்கள் வரவில்லை. கோப்பின் தலையில் 'இது இன்ன ஃபைல்' என்று ஒரு குறிப்பு இல்லாவிட்டால் அதற்குள் இருக்கும் ஃபங்ஷன்களை அது பட்டியலில் சேர்க்காது.

"எக்ஸ்ட்ராக்ட் ஆலை 'யெஸ்'னு போட்டா எல்லாம் வந்துடும்ணே." வரும்தான். குறிப்பே இல்லாத ஃபங்ஷனும் பெயரை மட்டும் தாங்கிக்கொண்டு வரிசையில் வந்து நிற்கும். அதோடு 'இதற்கு விளக்கம் இல்லை' என்கிற எச்சரிக்கைகளும் வாயடைத்துப் போகும். மேலதிகாரிக்குக் காட்ட அமர்க்களமாக இருக்கும், வேலை செய்கிறவனுக்கோ ஒன்றும் கிடைக்காது. 'நோ'விலேயே விட்டேன். எச்சரிக்கைகள் பக்கம் பக்கமாகக் கொட்டின; எனக்கு வேண்டியிருந்ததே அந்தப் பட்டியல்தான்.

  

எச்சரிக்கையிலும் சிக்காதது ஒன்று இருந்தது. மோட்டார் நிற்கக் காத்திருக்கும் ஃபங்ஷனுக்கு டாக்ஸிஜென் அழகான அட்டவணை போட்டிருந்தது: 'டைம்அவுட் – மில்லிசெகண்டில்.' தம்பி அதை நம்பி 50 கொடுத்தான். ஆசிலோஸ்கோப்பை வைத்துப் பார்த்தால் அரை நொடி. விளக்கம் விட்டுப்போனால் கருவி சொல்லும். விளக்கமே பொய்யானால் அதை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடும்.

சிங்கப்பூருக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டேன். "அது டிக் கணக்கு அண்ணே, ஒரு டிக் பத்து மில்லிசெகண்டு. நடுவுல மாத்தினேன், கமெண்ட்டை மாத்த மறந்துட்டேன்" என்று பதில் வந்தது.

தம்பி அந்த வரியைத் திருத்தி மறுபடி ஓட்டினான். எச்சரிக்கைகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அது முடிவதற்குள் பசியாறிவிட்டு வரலாம் என்று கீழே இறங்கினோம்.