கோட்டைக்குள் துப்பாக்கி வரலாமா?

பகடை உருட்டி, ஆளுக்கொரு வேடம் பூண்டு பேரப்பிள்ளைகள் ஆடும் கற்பனைப் போர் விளையாட்டில் ஒரு வழக்கு மட்டும் தீர்வதே இல்லை. கோட்டையும் வாளும் கவசமும் உள்ள உலகில் துப்பாக்கி இருக்கலாமா? 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' காலம் தொட்டே இந்த விளையாட்டை ஆடுபவர்களிடையே இந்த வாதம் உண்டாம். துப்பாக்கி வந்துவிட்டால் வாளுக்கு வேலையில்லை என்கிறான் மூத்தவன்.

பிள்ளைகளே, ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கலாமா? 1520இல் கிருஷ்ணதேவராயர் ராய்ச்சூரை முற்றுகையிட்டபோது அவர் பக்கம் போர்ச்சுக்கீசியர் துப்பாக்கி ஏந்தி நின்றார்கள். வேலூர்க் கோட்டையும் அதே நூற்றாண்டில் எழுந்ததுதான். அந்தக் கருங்கல் சுவரையும் அகழியையும் கட்டியவர்கள் வெடிச்சத்தம் அறிந்த தலைமுறையினர்.

1749 ஆகஸ்ட் 3 அன்று நம் ஊர்க் கணவாயில் நடந்ததைக் கேளுங்கள். ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் மண்மேடு எழுப்பிப் பீரங்கிகளை நிறுத்திக் காத்திருந்தார். எதிரே அவருடைய நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப், அவருடைய கூட்டாளி முசாபர் ஜங், அவர்களுக்குத் துணையாகப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே அனுப்பிய படை. குதிரை, யானை, வாள், ஈட்டி, துப்பாக்கி எல்லாம் ஒரே களத்தில். பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு முறை பாய்ந்து பின்வாங்கி, மூன்றாம் முறைதான் மேட்டைப் பிடித்தார்கள். முதியவரான நவாப் ஓடவில்லை. சந்தா சாகிபின் யானையை நோக்கித் தம் யானையைச் செலுத்தினார். வழியிலேயே துப்பாக்கிக் குண்டு பாய்ந்து உயிர்விட்டார்.

துப்பாக்கி இருந்த பக்கம் வென்றது என்று இதைச் சுருக்கிவிட எனக்கு மனமில்லை. பீரங்கி இரு பக்கமும் இருந்தது. அடிபட்டுப் பின்வாங்கியும் வரிசை கலையாமல் மறுபடி ஏறும் பயிற்சி ஒரு பக்கம்தான் இருந்தது.

வேலூர்க் கோட்டையின் கதையும் இதையே சொல்கிறது. 1806 ஜூலை 10 அன்று அங்கே ஆங்கிலேயரை எதிர்த்து அவர்களுடைய சிப்பாய்கள் எழுந்தார்கள். அவர்கள் தலையில் திணிக்கப்பட்ட புதுத் தலைப்பாகையின் தோல் குஞ்சமும் அதற்கொரு காரணம். தோல் பதனிடும் தொழிலோடு வாழும் ஊர்க்காரனுக்கு இது மறக்காது. விடியும் முன்பே கோட்டை அவர்கள் கைக்கு வந்தது, ஆனால் வாசலைக் காக்கக் கட்டுப்பாடான ஏற்பாடு இல்லை. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்தார். மதில்மேல் தப்பி நின்ற வெள்ளையர்களிடம் தோட்டா தீரும் நிலை. துப்பாக்கி முனையில் செருகிய கத்தியால்தான் போரிட்டார்கள். பீரங்கி கதவை உடைத்தது, உள்ளே பாய்ந்த குதிரைவீரர்கள் வாளை வீசினார்கள். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் அன்று மாண்டார்கள். நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

மெஷின் வந்தாயிற்று, கைப்பழக்கம் எதற்கு என்று கேட்கும் பையன்களை இங்கே தோல் தொழிலிலும் தினமும் பார்க்கிறேன். குரோம் உப்பால் பதனிடும் முறை வந்து எத்தனையோ காலமாகியும் மரப்பட்டையில் பதனிட்ட தோலுக்கு இன்றும் கிராக்கி இருக்கிறது. புதியது வந்து பக்கத்தில் நிற்கும். பழையது தெரிந்தவன் புதியதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆகவே உங்கள் ஆட்டத்தில் துப்பாக்கியைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை சுட்டவன் மருந்து கெட்டிக்கும்வரை அடுத்த சுற்றில் காத்திருக்கட்டும். மழை பெய்தால் மருந்து நனையட்டும். வரிசை கலைந்த படைக்குப் பகடையில் எண் குறையட்டும்.