முகம் எழுதிய பெண்மணி

ஓவியத்தைப் பற்றிப் பேச நமக்கென்ன உரிமை என்று சிலர் கேட்கக்கூடும். மதரஸாவில் கலமும் மையுமாகக் கழிந்தது நம் இளமை. நம் வீட்டுச் சுவரில் எழுத்தணி உண்டு, உருவப்படம் இல்லை. எனினும் தமிழ் நமக்கொரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஏட்டில் எழுதுவதற்கும் சுவரில் உருவெழுதுவதற்கும் நம் முன்னோர் ஒரே வினைச்சொல்லைக் கொண்டனர். அந்த உறவைப் பற்றிக்கொண்டே, மனித முகங்களை எழுதி முப்பத்தோராம் வயதில் மறைந்த ஜெர்மானியப் பெண்மணி ஒருவரைப் பற்றிச் சில சொல்லத் துணிகிறோம். நண்பர் ஒருவர் கொடுத்த நூலில் அவருடைய ஓவியங்களின் அச்சுப் படிகளைக் கண்ட நாள் முதல், அம்முகங்கள் நம்மை விட்டபாடில்லை.

பாவுலா பெக்கர் 1876 பெப்ரவரி 8ஆம் நாள் டிரெஸ்டன் நகரில் பிறந்தார். 1888இல் குடும்பம் பிரேமன் நகருக்குக் குடிபெயர்ந்தது. மகள் தன் காலில் நிற்க ஆசிரியத் தொழிலே தக்கதெனத் தந்தையார் எண்ணினார். அவர் விருப்பத்திற்கிணங்க 1893 முதல் 1895 வரை பயின்று தேறினார் மகள். ஆனால் மனமோ தூரிகையில் இருந்தது. அரசு ஓவியக் கழகங்களின் கதவு அந்நாளில் பெண்களுக்குத் திறப்பதில்லை. ஆதலின் பெர்லினில் பெண் ஓவியர் சங்கம் நடத்திய பள்ளியில் சேர்ந்து கற்றார். 1898இல் பிரேமனுக்கு அணித்தான வோர்ப்ஸ்வேடே என்னும் சிற்றூரை அடைந்தார்.

அது சதுப்பு நிலத்து ஊர். ஈர மண்ணை வெட்டி உலர்த்தி விறகுக்கு ஈடாக விற்று வயிறு வளர்ப்போர் வாழ்ந்த இடம். அங்கு முன்னரே குடியேறியிருந்த ஓவியர்கள் அதன் வானத்தையும் வெண்பட்டை மரங்களையும் நீரோடைகளையும் எழுதிப் புகழ் பெற்றனர். பாவுலாவின் கண்ணோ மனிதர்மீது சென்றது. ஏழையர் விடுதியில் ஒண்டியிருந்த மூதாட்டியர், பாலூட்டும் குடியானவப் பெண்கள், மெலிந்த பிள்ளைகள் ஆகியோரைத் தம்முன் அமர்த்தி எழுதினார். 1899 டிசம்பரில் பிரேமன் கலைக்கூடத்தில் அவர் படைப்புகள் வைக்கப்பட்டபோது, ஆர்தர் ஃபிட்கர் என்னும் விமரிசகர் சுடுசொற்களால் தாக்கினார். அந்த ஆண்டு முடிந்த இரவிலேயே பாவுலா பாரிஸுக்கு வண்டியேறினார். பிறர் இகழ்ச்சிக்கு அவர் தந்த மறுமொழி, மேலும் கற்பது ஒன்றே.

பாரிஸுக்கு அவர் நான்கு முறை சென்றார். செஸானின் ஓவியங்கள் அவரை உலுக்கின. நம் உள்ளத்தைத் தொட்டது பிறிதொரு செய்தி. எகிப்திலுள்ள ஃபய்யூம் வட்டாரத்துப் பழைய முகப்படங்களை அவர் அங்கே கண்டு அவற்றில் தோய்ந்தார். ஃபய்யூம் என்ற சொல், கடலைக் குறிக்கும் கிப்திச் சொல்லிலிருந்து அரபியில் புகுந்தது என்பதைக் கற்றோர் அறிவர். உரோமர் ஆட்சிக் காலத்தில் அங்கே மரப்பலகையில் இறந்தவரின் முகத்தை எழுதி, பதப்படுத்திய உடலின் முகத்தின்மேல் பொருத்தினர். அகன்ற விழிகளால் காண்பவரை நேரே நோக்கும் முகங்கள் அவை. அழியப்போகும் முகத்தை ஒப்பனையின்றி நிறுத்தும் அந்த நேர்மையைத்தான் பாவுலா தம் ஓவியத்திற்குள் கொண்டுவந்தார்.

அவர் எழுதிய குழந்தைகளைக் கண்டால் இது விளங்கும். அவர்கள் சிரிப்பதில்லை, பொம்மைகளைப் போலக் கொழுத்த கன்னங்களும் இல்லை. ஒரு கனம் அவர்கள் முகத்தில் தங்கியிருக்கிறது. முப்பதாண்டுகளாகப் பிள்ளைகளின் முன் நின்று பாடம் சொல்லி வருகிறோம். அந்தக் கனம் நமக்குப் புதிதன்று. தந்தையை இழந்து நாற்பது நாள் கழித்து வகுப்புக்குத் திரும்பிய ஒரு சிறுவனின் முகத்தை நாம் மறக்கவில்லை. அவன் அழவில்லை; பெரியவனாகி வந்திருந்தான். அத்தகைய முகத்தைக் கண்டு இரங்குவது எளிது. சமனாக நின்று மதித்து நோக்குவது அரிது. அவ்வரிய செயலையே பாவுலா வாழ்நாள் முழுதும் செய்தார்.

1901 மே 25ஆம் நாள், மனைவியை இழந்திருந்த ஓவியர் ஒட்டோ மோடர்ஸோனை மணந்தார். அதற்குமுன் பெர்லினுக்குச் சென்று சமையல் கற்றுவரும்படி வீட்டார் வற்புறுத்தினர். கணவர் கொடியவரல்லர், மனைவியின் திறனை உணர்ந்தவர். இன்று எவரும் இவளை அறியார், அந்நிலை மாறும் என்ற கருத்தை 1902இல் தம் நாட்குறிப்பில் பொறித்தார். ஆயினும் அன்பு வேறு, வேலைக்கு வேண்டிய தனிமை வேறு அல்லவா? 1906 பெப்ரவரியில் பாவுலா வீட்டை விட்டுப் பாரிஸ் சென்றார். தந்தை வழிப் பெயரா, கணவர் வழிப் பெயரா, எதை இட்டுக் கையெழுத்திடுவது என்ற குழப்பத்தைக் கவிஞர் ரில்க்கேக்கு எழுதிய மடலில் வெளியிட்டார். அவ்வாண்டு மண நாளில் எழுதிய தம் உருவோவியத்தில் பழைய பெயரின் முதலெழுத்துகளையே இட்டார். இடைக்குமேல் ஆடையின்றித் தம்மைத் தாமே எழுதிய அவ்வோவியம் நம் போன்றோரைத் தயங்க வைப்பதே. ஆனால் அதில் காண்பவரை மயக்கும் நோக்கம் சிறிதுமில்லை. நான் யார் என்ற வினாவே அதில் நிற்கிறது.

கணவர் தேடி வந்தார். இருவரும் 1907இல் ஊர் திரும்பினர். நவம்பர் 2ஆம் நாள் மகள் மத்தில்டே பிறந்தாள். மருத்துவர் படுக்கையிலேயே இருக்கப் பணித்தார். பதினெட்டு நாள் கழித்து எழுந்து நடந்த பாவுலா, இரத்தக் குழாய் அடைப்பால் சாய்ந்து உயிர் நீத்தார். அவர் வாயிலிருந்து இறுதியாக வந்தது, 'ஐயோ, வீணாயிற்றே' என்னும் பொருள்தரும் ஒரே ஜெர்மன் சொல் என்பர்.

உயிரோடிருக்கையில் அவர் விற்ற படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மறைந்தபின் அறைகளில் கிடைத்தவையோ நூற்றுக்கணக்கானவை. அவர் பிறந்த டிரெஸ்டனில் 1905இல் இளைஞர் சிலர் கூடி, எக்ஸ்பிரஷனிசம் எனப் பின்னர் பெயர்பெற்ற உணர்வோவிய நெறிக்கு வித்திட்டனர். எந்தக் குழுவிலும் சேராமல் அதே பாதையில் பாவுலா முன்னரே நடந்துகொண்டிருந்தார். 1927இல் பிரேமனில் அவருக்கென ஓர் அருங்காட்சியகம் எழுந்தது; பெண் ஓவியர் ஒருவருக்கென உலகில் எழுந்த முதல் அருங்காட்சியகம் அதுவே. நாஜிகள் 1937இல் அவர் படைப்புகளைச் சீரழிந்த கலை என்று அருங்காட்சியகங்களினின்று அகற்றினர். அவர்கள் ஆட்சி அழிந்தது, ஓவியங்கள் நின்றன.

அவற்றுள் ஒன்று, 1907இல் எழுதிய ஏழையர் விடுதி மூதாட்டியின் உருவம். கோலூன்றி நடந்ததால் ஊரார் அவரை 'மூன்று கால்' என்று கேலிப் பெயரிட்டு அழைத்தனர். ஓவியத்தில் அவர் செந்நிறக் கசகசாப் பூக்களின் நடுவே அகன்ற கைகளை மடிமேல் வைத்து, அரசியைப் போல அமர்ந்திருக்கிறார். அருகே ஒரு கண்ணாடி உருண்டை. ஊர் கேலி செய்த முகத்தைப் பாவுலா அவ்வாறு நோக்கினார். முப்பத்தோராண்டு குறுகிய வாழ்வுதான். ஆனால் அந்த மூதாட்டிக்கு உரிய மதிப்பை அளித்துவிட்டே அவர் சென்றார்.