விருப்பம் என்ற சொல்

நமது பேச்சில் 'விருப்பம்' என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. மாங்காய் அச்சாறு பிடிக்கும் என்பதற்கும் விருப்பம் என்கிறோம். கண்டிக்குப் போக வேணும் என்பதற்கும் விருப்பம் என்கிறோம். பிடித்ததைத்தானே மனிதர் தேடிப் போவார்கள் என்று அந்தச் சொல்லே நம்மை நம்ப வைத்துவிடுகிறது.

விஞ்ஞானிகளும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பினார்கள். 1954இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, அது நெம்புகோலை அழுத்தும் போதெல்லாம் சிறு மின்தூண்டல் கிடைக்கச் செய்தார்கள். எலி மணித்தியாலத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை அழுத்தியது. மூளையின் இன்ப மையம் அகப்பட்டுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பின்னர் டோபமைனுக்கு 'இன்ப இரசாயனம்' என்று பெயரும் வந்தது.

இந்தப் பெயரில் சந்தேகம் கிளப்பியவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிஜும் டெரி ரொபின்சனும். 1980களின் இறுதியில் அவர்கள் எலிகளின் மூளையில் டோபமைனை ஏறக்குறைய முற்றாக அழித்துப் பார்த்தார்கள். அந்த எலிகள் உணவைத் தேடவேயில்லை. குழாய் வழியே ஊட்டாவிட்டால் உணவுக்குப் பக்கத்திலேயே பட்டினியால் செத்திருக்கும். ஆனால் வாயில் சீனிக் கரைசலை விட்டபோது, கைக்குழந்தையைப் போல உதட்டை நக்கின! இனிப்பு இனித்தது. 'வேணும்' என்ற உந்துதல்தான் போய்விட்டிருந்தது.

குறைந்தால் இப்படியென்றால், கூடினால்? போதைப்பொருள் அந்த 'வேணும்' பாதையைத் தூண்டித் தூண்டிக் கூர்மையாக்கிவிடுகிறது, பிடிப்பது கூடாமலே வேணும் என்பது மட்டும் வளர்கிறது என்பது 1993இல் இருவரும் முன்வைத்த கருத்து.

இதை வாசித்தபோது சின்ன மாமாதான் நினைவுக்கு வந்தார். ஐஸ் அவரது கடையையும் மாமியின் வளையல்களையும் தின்று தீர்த்தது. "விருப்பமில்லாமலா எடுக்கிறாய்?" என்று உம்மம்மா கேட்பார். "வல்லாஹி உம்மா, அதுல எனக்கு ஒரு சந்தோஷமும் இல்ல" என்பார் மாமா. வீட்டில் யாரும் நம்பவில்லை. எத்தனையோ பொய் சொன்னவர்தான். இந்த ஒன்று மட்டும் பொய்யில்லை என்று எனக்குப் படுகிறது. மாமியின் வளையல்களுக்கு இது பதிலாகாது. உம்மம்மாவின் கேள்விக்குத்தான் பதில்.

புனர்வாழ்வு முடிந்து மாமா வந்து ஏழு மாதமாகிறது. பழைய இடம், பழைய கூட்டாளி, ஒரு லைட்டரின் சத்தம்கூட அந்தப் பாதையைத் தட்டி எழுப்பக்கூடும். போதை உடலை விட்டுப் போய் நெடுநாளான பிறகும். இஷாவுக்குப் பள்ளிக்குப் போகும்போது அவர் ஓட்டோக்கள் நிற்கும் சந்தியை விட்டு, குளத்தடியால் சுற்றிப் போகிறார். "நேர் ரோட்டு இருக்க, ஏன் இவன் சுத்துறான்?" என்று உம்மம்மா கேட்டார். நான் எலிகளின் கதையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது இவ்வளவுதான்:

"அந்த எலிகளுக்குக் கடைசி மட்டும் ஊட்டினாங்களா?"