பால்குடப் பதிவு இமெயில் பற்றி

பால்குடத்துக்கு கூகுள் பாரத்துல பதிஞ்சவங்களுக்குத் தானா போற இமெயிலை மாத்திட்டோம். முன்னாடி பேர், நட்சத்திரம், நேரம் எல்லாம் ஒரே வரியா ஒட்டிக்கிட்டு வந்துச்சு. ஸ்கிரிப்ட்ல என்டர் தட்டினாலும் எச்டிஎம்எல் இமெயில் அதைக் கண்டுக்காது. வரி முடியிற இடத்துல எல்லாம் பிஆர் குறி போடணும். (பேக்டரியில லேபிள் அடிக்கிறதே தேவலாம்.)

போன வாரம் ஒரு பாட்டி கவுண்டர்ல போனை நீட்டி, "தம்பி, எத்தனை மணிக்கு குடம் எடுக்கணும்?"னு கேட்டாங்க. நேரம் அதுலதான் இருந்துச்சு. கண்ணாடி போட்டும் அவங்களுக்குத் தெரியல. இப்ப நேரம்தான் முதல் வரி, தடித்த எழுத்துல.

நட்சத்திரத்தை மட்டும் நல்லா பார்த்துக்குங்க. குருக்கள் அந்தப் பட்டியலைத்தான் வாசிப்பார். இலவச ஜிமெயில்ல ஸ்கிரிப்ட் ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் அனுப்பும். அதனால கடைசி நாள் வரைக்கும் காத்திருக்காதீங்க.